பழகிய விரலும் புதிய பலகையும்

மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் தமிழன்பர்களில் ஏலப்பாறையைக் கண்டவர்கள் சிலரே இருப்பர். கேரள ராஜ்யத்தின் இடுக்கி ஜில்லாவில், பீருமேட்டு மலைகளில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த சிற்றூர் அது. கம்பத்திலிருந்து குமுளி மலைப்பாதை ஏறி, வண்டிப்பெரியாறும் பீருமேடும் குட்டிக்கானமும் கடந்து அங்கே போக வேண்டும். கொழுந்து பறிக்கும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் அந்த ஊரில்தான் நாம் பிறந்து வளர்ந்தோம். 1956ஆம் ஆண்டில் மொழிவழி ராஜ்யங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. தோட்டத்து லயங்களில் தாலாட்டும் ஒப்பாரியும் தமிழாகவே நின்றன.

1969ஆம் ஆண்டில் கேரளம் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டம், தமிழும் கன்னடமும் பேசும் சிறுபான்மையோர் அரசாங்கத்துக்குத் தத்தம் மொழியிலேயே எழுதிக்கொள்ளலாம் என்றும், அவர்களுக்குரிய பதிலும் அம்மொழியிலேயே அனுப்பப்பட வேண்டும் என்றும் விதித்தது. நல்ல சட்டம். ஆனால் சட்டம் தந்த உரிமை தாளில் ஏற வேண்டுமானால், அதை ஏற்றுவதற்கு ஒரு யந்திரமும் அந்த யந்திரத்தை அறிந்த ஒரு கையும் வேண்டுமல்லவா? ஏலப்பாறைக் கடைவீதியில் அப்படியொரு யந்திரத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பிழைப்புக்காக மலையேறி வந்தவர்; டைப் ஐயா என்றே எல்லோரும் அவரை அழைப்பார்கள். லயத்துக் கூரை ஒழுகுவது, கிராஜுவிட்டிப் பணம் வராதது, கணவன் இறந்தபின் பென்ஷன் நின்றது என்று பெண்கள் அழுகையும் கோபமுமாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். அவர்கள் வாக்கியத்தை முடிப்பதற்குள் அது மனுவின் வாக்கியமாகத் தாளில் விழுந்திருக்கும். அவர் கண் யந்திரத்தின்மேல் ஒருபோதும் போனதில்லை. “தம்பி, நான் கட்டையைப் பார்த்து அடித்தால் இந்த அம்மா முகத்தை யார் பார்ப்பது?” என்று ஒருமுறை நம்மிடம் கேட்டார்.

மென்பொருள் செய்வோர் இன்று ‘பயனர் இடைமுகம்’ என்றொரு சொல்லை வழங்குகிறார்கள். மனிதனும் கணிப்பொறியும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். புதிதாய் வருபவனுக்காக அந்த இடத்தை அமைப்பது ஒரு வேலை. அதில் முப்பது ஆண்டு பழகித் தேர்ந்தவனுக்காக அதையே மாற்றி அமைப்பது முற்றிலும் வேறொரு வேலை. தமிழுக்கு விசைப்பலகை அமைத்த வரலாற்றில் இந்த இரண்டாவது வேலையின் கஷ்டங்கள் அனைத்தையும் காணலாம் என்பது நம் எண்ணம்.

வரலாறு தொடங்குவதும் பிறந்த ஊரைவிட்டுப் போன ஒரு தமிழரிடத்தில்தான். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த இரா. முத்தையா, மலாயா நாடு சென்று சிங்கப்பூரில் உத்தியோகம் பார்த்தவர். தமிழுக்கு எழுத்து 247. ஆங்கிலத் தட்டச்சு யந்திரத்தில் இருப்பவையோ நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகள். ஒவ்வொன்றிலும் மேலும் கீழுமாக இரண்டு அச்சுகள். இந்தச் சிறு கூட்டுக்குள் 247ஐயும் அடைப்பது எப்படி என்பதே அவர் முன்னின்ற கேள்வி. எழுத்துகளை அவர் உறுப்பு உறுப்பாகப் பிரித்தார். காலும் கொம்பும் தனித்தனி விசைகளாயின. கு, மு, து என்னும் உகர எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உருவம் கொள்வதால் அவற்றை அப்படிக் கூட்ட முடியாது. அவற்றுக்குத் தனி அச்சுகள் இடம் பெற்றன. புள்ளியும் இகர விசிறியும் மெய்யின் தலைமேல் ஏற வேண்டியவை. அவற்றுக்காக அமைந்ததே ‘நகரா விசை’. அதைத் தட்டினால் அச்சு விழும். தாள் மட்டும் நகராது. அடுத்து மெய்யைத் தட்டினால் அது புள்ளிக்கு அடியில் வந்து பொருந்தும். ஜெர்மனியில் செய்விக்கப்பட்டு வந்தது அந்த யந்திரம். கீழ்த்திசை நாடுகளிலும் இலங்கையிலும் தமிழகத்திலும் பிறகு பெருகிய தமிழ் யந்திரங்களுக்கெல்லாம் அதுவே மூதாதை.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ‘தமிழ்’ என்று வாயால் சொல்லும்போது ழகரத்துக்குப் பின்னர் ஓசை அடங்குகிறது. யந்திரத்தில் அடிக்கும்போதோ புள்ளி முன்னே விழுந்து ழகரம் பின்னே வருகிறது. ‘கோ’ என்பது நாவுக்கு ஓரசை. விரலுக்கு முதலில் இரட்டைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஓசையின் வரிசை வேறு, உருவத்தின் வரிசை வேறு. தட்டச்சாளர் சித்திரக்காரனைப் போல உருவத்தின் வரிசையைப் பின்பற்றினார். இரும்பினால் ஆன யந்திரம் அதைத்தான் அனுமதித்தது. சென்னை ராஜ்யத்தில் 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வந்து தமிழ் காரியாலயங்களுக்குள் நுழைந்தபின், இந்த வரிசை ஆயிரமாயிரம் விரல்களில் படிந்தது.

நம் விரல்களிலும் படிந்தது. 1998ஆம் ஆண்டு கம்பத்தில் ஒரு தட்டச்சுப் பள்ளியில் சேர்ந்தோம். முதற்பாடம் இடக்கைக்கு ய, ள, ன, க. வலக்கைக்கு த, ம, ட. மாதக்கணக்கில் அதே எழுத்துகள். இரவில் உறங்கும்போதும் போர்வையின்மேல் விரல்கள் அடித்துக்கொண்டிருக்கும் என்று அம்மா சொல்வார்கள். பிறகு ஒரு நாள், எந்த எழுத்து எந்த விசையில் இருக்கிறது என்று யாரேனும் கேட்டால் வாயால் சொல்லத் தெரியவில்லை. விரலை அசைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. தேர்ச்சி என்பது அறிவு மூளையிலிருந்து இறங்கிக் கைக்குப் போய்விடுவது. எங்கள் தோட்டத்துப் பெண்களும் அப்படித்தான். கண் அடுத்த செடியில் இருக்கும், கை இந்தச் செடியில் கொழுந்தைக் கிள்ளும். தோட்டங்களில் பெட்டி வைத்த கத்தரி வந்தபோது, கையால் பறித்துத் தேர்ந்தவர்களே முதலில் தடுமாறினார்கள்.

யந்திரத்தின் நெருக்கடியை வேறு விதமாகத் தீர்த்தவர்களும் உண்டு. மலையாளத்தில் எழுத்தையே மாற்றினார்கள். 1971ஆம் ஆண்டில் கேரள அரசாங்கம் செய்த லிபிச் சீர்திருத்தம், மெய்யோடு ஒட்டி வளைந்திருந்த உகர ஊகாரக் குறிகளைப் பிரித்துத் தனியே நிறுத்தியது. கூட்டெழுத்துகள் பலவற்றையும் உடைத்தது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிமை என்பதே நோக்கம். பிற்காலத்தில் கணிப்பொறி வந்து, எத்தனை உருவமானாலும் தாங்குவேன் என்றபோது, 1999இல் ‘ரசனா’ என்ற இயக்கத்தார் பழைய லிபியைத் திரும்பக் கொண்டுவந்தனர். யந்திரத்துக்காக எழுத்தை வளைத்தபின் அந்த யந்திரம் போய்விட்டால் வளைந்தது நிமிர எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்பதற்கு எங்கள் மலைநாடு நல்ல சாட்சி. தமிழில் 1978ஆம் ஆண்டு வந்த சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை முதலிய 13 எழுத்துகளோடு நின்றது.

பழகிய கையை மாற்றுவது எத்தனை செலவு பிடிக்கும் என்பதை அமெரிக்க அரசாங்கம் ஒருமுறை அளந்து பார்த்தது. ஆகஸ்ட் டுவோராக் என்ற பேராசிரியர் விரலுக்கு இசைவான ஓர் ஆங்கிலப் பலகையை அமைத்து 1936இல் உரிமை பெற்றிருந்தார். பழைய பலகையை விட அதுவே வேகமானது என்று அவரைச் சார்ந்தோர் சாதித்தார்கள். 1956இல் ஏர்ல் ஸ்ட்ராங் என்பவர் அரசாங்கத்துக்காக நடத்திய சோதனையில் 10 தட்டச்சாளர்களுக்குப் புதிய பலகை கற்பிக்கப்பட்டது. நாளொன்றுக்கு 4 மணி நேரம், 25 நாட்களுக்கு மேல் பயின்ற பிறகே அவர்கள் தங்கள் பழைய வேகத்தைத் தொட்டனர். மாற்றத்துக்கு ஆகும் செலவு தகாது என்று அறிக்கை வந்தது. பலகை நல்லதா கெட்டதா என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, கற்றதை மறக்கும்படி ஒரு மனிதரைக் கேட்கிறோம் என்பது மட்டும் அந்தச் சோதனையில் தெளிவாயிற்று.

இந்தியாவில் அந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1986ஆம் ஆண்டு மத்திய அரசாங்கத்தின் எலெக்ட்ரானிக்ஸ் இலாகா ‘இன்ஸ்கிரிப்ட்’ என்னும் பலகையைத் தரப்படுத்தியது. பாரத மொழிகள் அனைத்துக்கும் ஒரே அமைப்பு. உயிர்கள் இடக்கையில், மெய்கள் வலக்கைப் பக்கமாக. இந்தியிலும் மலையாளத்திலும் தமிழிலும் ககரம் ஒரே விசையில் இருக்கும். கருத்து விசாலமானதுதான். ஆனால் அமைப்பின் அடிச்சட்டம் தேவநாகரி. நான்கு ககரங்களுக்கு இடம் விட்ட பலகையில் தமிழுக்குப் பல விசைகள் வெறுமையாய்க் கிடந்தன. அதே சமயம் தமிழுக்கு உயிரான ன, ற, ழ, ள, ண ஆகிய ஐந்தும் மேல்விசையோடு சேர்த்து அடிக்க வேண்டியவை ஆயின. ‘அவன் நின்றான்’ என்பதில் எத்தனை னகரம் என்று எண்ணிப் பாருங்கள். பழைய யந்திரத்தில் னகரம் இடக்கை நடுவிரலின் அடியிலேயே இருந்தது.

மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து வடக்கே ஒரு காரியாலயத்தில் உட்கார்ந்த முதல் நாள், நமக்குக் கிடைத்தது இன்ஸ்கிரிப்ட் மட்டுமே அமைந்த கணிப்பொறி. வேறு அமைப்பை ஏற்றிக்கொள்ள அனுமதி இல்லை. பழைய யந்திரத்தில் ஒரு பக்கம் அடித்து முடிக்கும் நேரத்தில் நான்கு வரிகள் வந்தன. பட்டம் பெற்று, தட்டச்சில் தேறி, எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறு பிள்ளையைப் போல விசையை விசையாகத் தேடினோம். மேலதிகாரி நல்லவர்; “பழகிவிடும்” என்றார். பழகியது உண்மை. ஆனால் அந்த நான்கு மாதங்களில் மொழிபெயர்ப்பைப் பற்றி யோசிக்க வேண்டிய மனம் விசையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தது. அக்காலத்தில் நாம் எழுதிய தமிழை இப்போது எடுத்துப் பார்த்தால் வாக்கியங்கள் குட்டையாக இருக்கின்றன. விரல் தயங்கினால் நடையும் தயங்கும்போலும்.

இதற்கிடையே தமிழுக்கென்றே ஒரு முயற்சி கடல்கடந்த தமிழரிடையே முளைத்திருந்தது. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலியோர் முயற்சியால் தமிழும் இணையமும் பற்றிய மாநாடு கூடியது. அதன் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு நடந்தது. மலேசியாவில் முரசு அஞ்சல் மென்பொருளைச் செய்த முத்து நெடுமாறன் போன்றோர் உழைப்பும் அவ்விவாதங்களில் சேர்ந்தது. அப்போதைய நிலைமை அலங்கோலம். தமிழ் எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருந்தார்கள். எந்த விசையைத் தட்டினாயோ அதுவே சேமிப்பில் எண், அதுவே திரையில் உருவம். ஓர் எழுத்துருவில் அடித்த மணவோலையை மற்றோர் எழுத்துருவில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடக்கும். ஆகவே பலகையை மாற்றுவது என்றால் எழுதி வைத்ததையே மாற்றுவது என்றாயிற்று.

அம்மாநாட்டின் பயனாகத் தமிழ்நாடு அரசாங்கம் ஏற்றதே ‘தமிழ் 99’ பலகை. உயிர் பன்னிரண்டும் இடக்கைக்கு. மெய் பதினெட்டில் மிகுதியாய் வருபவை வலக்கைக்கு. ககரத்தையும் ஓகாரத்தையும் தட்டினால் ‘கோ’ வரும். நாவின் வரிசையே விரலின் வரிசை. இதற்கு மேல் ஒரு சாமர்த்தியமும் உண்டு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்கு மென்பொருளே புள்ளி வைத்துவிடும். அ, ப, ப, ஆ என்று நான்கு தட்டு, ‘அப்பா’ வந்துவிடும். ஙகரத்தை அடுத்துக் ககரமும், ஞகரத்தை அடுத்துச் சகரமும், நகரத்தை அடுத்துத் தகரமும் வந்தாலும் அப்படியே. எந்த மெய் எந்த மெய்யோடு சேரும் என்பதைத் தொல்காப்பியம் நூன்மரபிலேயே பேசுகிறது. அந்த மயக்க விதியில் ஒரு சிறு பகுதி மென்பொருளுக்குள் புகுந்து தட்டச்சாளரின் வேலையைக் குறைத்தது என்று சொன்னால் மிகையாகாது. ‘ததும்பும்’ என்பது போல் புள்ளி வேண்டாத இடத்தில் மட்டும் நடுவே அகரத்தைத் தட்டிவிட வேண்டும். இரும்பு யந்திரம் கனவிலும் செய்ய முடியாத காரியம் இது.

இத்தனை நல்ல பலகைக்குத் தேர்ந்த தட்டச்சாளர்கள் ஓடி வந்தார்களா? வரவில்லை. தமிழக அரசாங்கக் காரியாலயங்களில் ‘வானவில் அவ்வையார்’ எழுத்துருவும் பழைய தட்டச்சு முறையும் வெகுகாலம் கோலோச்சின. அதைச் சோம்பல் என்று பலர் ஏசினார்கள். நாம் ஏச மாட்டோம். ஒருநாளைக்கு எத்தனை கோப்பு என்று கணக்குக் கேட்கப்படுபவரிடம், சில மாதம் தடுமாறினால் பிறகு சுகம் என்பது எளிதில் சொல்லிவிடக்கூடிய உபதேசம். அந்தச் சில மாதத்துக் கோப்புகளுக்கு யார் பொறுப்பு?

முடிச்சை அவிழ்த்தது வேறொன்று. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீடு பரவி, 2010 ஜூனில் தமிழக அரசாங்கமும் அதை ஏற்றது. அதன்படி தட்டுவது வேறு, சேமிப்பது வேறு, திரையில் காட்டுவது வேறு என்று மூன்றும் பிரிந்தன. எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் ஒரு பட்டியலை நீட்டி, தமிழ் 99 வேண்டுமா, பழைய தட்டச்சா, இன்ஸ்கிரிப்டா, ஆங்கில எழுத்தால் ஒலிபெயர்ப்பதா என்று கேட்டன. எவர் எதில் அடித்தாலும் சேமிப்பில் விழுவது ஒன்றே. பழைய முறையில் தேர்ந்தவர் இரட்டைக்கொம்பை முதலில் தட்டுகிறார். மென்பொருள் அதை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. ககரம் வந்ததும் ககரத்தை முன்னே, கொம்பைப் பின்னே என்று மாற்றிச் சேமிக்கிறது. கால் வந்ததும் ‘கோ’ ஆக்குகிறது. தட்டியவருக்கு இது ஒன்றும் தெரியாது. முத்தையாவின் காலத்து இரும்பு விதித்த வரிசையை இரும்பு போன பின்பும் ஒரு மென்பொருள் மரியாதையோடு சுமக்கிறது.

பெரிய நிறுவனங்களும் இதை அனுபவத்தில்தான் கற்றன. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2007ஆம் ஆண்டு ஆபீஸ் பதிப்பில் பழைய பட்டியல்களை எடுத்துவிட்டு ‘ரிப்பன்’ என்ற பட்டையை வைத்தபோது, தேர்ந்தவர்கள் கூக்குரலிட்டார்கள். எனினும் பழைய பதிப்பில் விசைகளை வரிசையாய்த் தட்டிக் கட்டளையிட்டவர்களின் வழியைப் பெரும்பாலும் அடைக்காமல் விட்டிருந்தது. பட்டியல் கண்ணுக்கு மறைந்தது. அதன் பாதை விரலுக்கு இருந்தது. நம் காரியாலயத்தில் மூத்த நண்பர் ஒருவர் பட்டை ஒன்று வந்திருப்பதையே ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தார்!

இவ்வளவும் தேர்ந்தவர்களைப் பற்றிய கதை. வெளி ராஜ்யங்களில் வளரும் நம் பிள்ளைகளோ எந்தப் பலகையிலும் தேர்ந்தவர்கள் அல்லர். ‘அம்மா’ என்பதை ஆங்கில எழுத்தால் அடித்து, கைப்பேசி காட்டும் தமிழைத் தேர்ந்துகொள்கிறார்கள். பாட்டிக்குத் தமிழில் செய்தி போகிறதே, அதற்குச் சந்தோஷம். ஆனால் லகரமா ளகரமா, னகரமா ணகரமா என்பதைத் தேர்ந்தெடுப்பது கைப்பேசியாகிவிடுகிறது. ஆப்பிள் கைப்பேசியில் 2013 முதலே தமிழ் 99 இருக்கிறது. நம் மகளுக்கு அதைக் காட்டிக் கொடுத்தோம். பழகிய கை இல்லாததால் அவளுக்கு மறக்க ஒன்றும் இல்லை. இரண்டு வாரத்தில் நம்மை முந்திவிட்டாள்.

சென்ற ஆண்டு ஏலப்பாறைக்குப் போயிருந்தோம். டைப் ஐயா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் மேஜை இருந்த இடத்துக்கு இரண்டு கடை தள்ளி ஓர் அக்ஷயா நிலையம். அதில் ஓர் இளம்பெண் மலையாளத்தில் விண்ணப்பங்களை அடித்துக்கொண்டிருந்தாள். பள்ளியிலே கற்ற இன்ஸ்கிரிப்ட். தோட்டத்து மூதாட்டி ஒருவர் வந்து உட்கார்ந்து, “கண்ணு, தமிழ்லயே போடு, எனக்கு வாசிச்சுக் காட்டணும்” என்றார். அவள் மொழியை மட்டும் மாற்றிக்கொண்டாள். அதே விரல்கள் அதே இடங்களில் தமிழ் அடித்தன. நாம் நான்கு மாதம் வைத பலகை அது. மலையாளத்தில் வழங்காத அந்த னகரம் வந்தபோதெல்லாம் அவள் வலக்கைச் சுண்டுவிரல் தானாக ஓரத்து விசைக்குப் போய் மீண்டது. கண் அந்த மூதாட்டியின் முகத்தில் இருந்தது.